பதினேழாம் துண்டு

நாலாயிரத்து எண்ணூற்றைம்பது.
சொல்லிப்போட்டு
கண்ணைக் கீழே போடாமல் நிற்கப் பழக
எனக்கு ரெண்டு வருசம் பிடிச்சது.

"வெட்டுத்துண்டுக்கோ பிள்ளை?
ஸ்ரான்லி வீதியில் தையற்கடையள்
சாக்குச் சாக்காய்ச் சும்மா தாறாங்கள்."
பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறா
வைத்தீஸ்வரி அக்கா.
உள்ளுக்கு நூற்றிருபது சீத்தைத் துண்டு,
பஞ்சு, அடித்துணி, நூல் ரெண்டு உருண்டை,
மடித்த தாள் ஒன்று.

தாளை மட்டும் வாங்கலாம். அறுநூறு.
அதைச் சொன்னால்தான் சனத்துக்குச் சிரிப்பு வரும்.

சரி, அந்தக் கடுதாசியைப் பற்றிச் சொல்லுறன்.

கோட்டை மதிலில் பின்னேரம் ஏறுகிற ஆக்கள்
கடலைப் பார்ப்பினம், கச்சான் கொறிப்பினம்.
நான் மூலையளை எண்ணினன்.
ஐந்து.
வீட்டை வந்து அடிமட்டம் வைச்சுக் கீறினன்.
ஐங்கோணத்துக்குப் பக்கத்தில் ஐங்கோணம்,
ரெண்டு மட்டும் நல்லாய்த்தான் இருக்கும்.
மூன்றாவதை வைக்க வாய் பிளக்கும்.
அறுகோணம் அப்படியில்லை, தேன்வதை,
ஆர் வைச்சாலும் ஒட்டும்.
ஐங்கோணம் எங்கட சங்கக் கூட்டம்.

நாலு மாதம்.
புட்டுக்கு மாக் குழைச்சபடி,
மினிபஸ்சில் தொங்கினபடி,
கரண்ட் போன இரவில் ரோர்ச்சைப் பல்லில் கடிச்சபடி
அந்த வெடிப்பையே பார்த்தன்.
துணியை இழுத்துப் பார்த்தன். கள்ளம் செய்து பார்த்தன்.
தையலில் செய்த கள்ளம்
முதல் தோய்ச்சலில் வெளியில் வரும்.
பேந்து ஒருநாள்
மூடுறதை விட்டுட்டு
வெடிப்பை அளந்தன்.
முப்பத்தாறு பாகை.
ஒல்லிச் சாய்சதுரம், காய்ந்த நெத்தலி மாதிரி.
அதுக்கும் ஒரு துணி வெட்டி வைச்சன்.
பாய் விரிஞ்ச மாதிரி
சுவர் மட்டும் போனது கோலம்.

பதினேழாம் துண்டு அதுதான்.
பொதியில் அதின்ர துணிச்செலவு
நாலு ரூபாயும் வராது.

போன மாசம் கொழும்புத்துறையில்
நான் விற்காத வீடொன்றின் கொடியில்
என்ர போர்வை காயுது.
"டொறத்தி ரீச்சர் தந்தவ," எண்டா வீட்டுக்காரி, அருளினி.
"போட்டோக்கொப்பி. பதினைஞ்சு ரூபா.
பதினொரு பேர் எடுத்தனாங்கள்."
தாளைக் கொண்டுவந்து விரிச்சா.
என்ர அடிமட்டம் வழுக்கின கோடு,
என்ர எழுத்து,
ரெண்டு இடத்தில் பதினேழு எண்டு நான் விட்ட பிழை.
பொதி வாங்கினவைக்கு
நீலப் பேனையால் திருத்தம் எழுதி உள்ளே வைச்சிருந்தன்.
கொப்பிக்கு அது போகவில்லை.

"இதில் எது சரி? மூன்று தரம் பிரிச்சுத் தைச்சனான்."

எனக்குள்ளே பெருக்கல் ஓடினது.
பதினொன்று, அறுநூறு.
மிசினுக்கு மோட்டர் ஒன்று போட்டிருக்கலாம்.

பிறகுதான் துணியை வடிவாய்ப் பார்த்தன்.
நான் மங்கல் மஞ்சள் வைச்ச இடங்களில்
அவ பழைய குடைத் துணி வைச்சிருந்தா, கறுப்பு.
நான் ஒளிச்ச வெடிப்பெல்லாம்
அங்கை நட்சத்திரமாய் நிக்குது.
என்ரையிலும் வடிவு.

வடிவு.
புத்தகத்தில் அது உருவம், எங்கட வாயில் அது அழகு.
இவ்வளவு நாளும் எதுக்கு விலை எழுதினன்?

"முதலாவது சரி. மற்றது பதினெட்டு."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"அறுநூறு ரூபா," எண்டன்.
பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சா.
தேத்தண்ணி தந்தா. சீனி கூட.

இந்த வருசத் தாள் அச்சாகி வந்திட்டுது.
குடைத் துணியும் நல்லாயிருக்கும் எண்டு
அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறன்,
அருளினியின்ர பேரோடு.
பிழையைத் திருத்தவில்லை.
ரெண்டு பதினேழும் அப்படியே கிடக்கு.
விலை எழுநூறு.